இசக்கிதுரை பி.சி.ஏ., சர்வர்

இசக்கிதுரை பி.சி.ஏ. படித்தவன். இதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. இலஞ்சியைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில் இருக்கிற மைதீன் ஹோட்டலில் மூன்று வருடமாகச் சர்வர் வேலை பார்க்கிறான். இதையும் மறைத்ததில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் அவன் செய்த பிழை. நம் ஊரில் பட்டத்தைச் சொல்லும் இடத்தில் வேலையைச் சொல்லக்கூடாது. வேலையைச் சொல்லும் இடத்தில் பட்டத்தைச் சொல்லக்கூடாது.

போன வருடம் அவன் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். கல்லூரியின் பெயர் அருவிமலை கலை அறிவியல் கல்லூரி. குத்துக்கல்வலசையில் இருக்கிறது. பெயரில் அருவியும் மலையும் இருந்தாலும் அதன் வாசலில் நின்று பார்த்தால் தெரிபவை பிளாட் போட்டு நட்ட கற்கள்தான். போன் வந்தபோது இசக்கிதுரை ஒரு கையில் சால்னா வாளியும், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனுமாக நின்றான்.

இப்போது எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டார். குற்றாலத்தில் என்றான். என்ன வேலை என்றார். சர்வர் என்றான். எந்தக் கம்பெனி என்றார். மைதீன் என்றான். அங்கே எத்தனை சர்வர் என்று கேட்டதற்குப் பதினொன்று என்றான். மறுமுனையில் குரலில் மரியாதை ஏறியது.

"பதினோரு சர்வராப்பா?"

"சீசன்ல அதுவும் பத்தாது சார்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது டேபிளுக்கு ஓடினான்.

ஒரு வாரத்தில் தென்காசி பழைய பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. அதில் இசக்கிதுரையின் அடையாள அட்டைப் படம் இருந்தது. அவன் அணிந்திராத கோட்டும் டையும் அதில் வரையப்பட்டிருந்தன. 'மை-டீன் நிறுவனத்தின் பதினொரு சர்வர்களை நிர்வகிக்கும் எங்கள் மாணவர்' என்று கீழே எழுதியிருந்தது. சாப்பிட வந்த மதுரைக் குடும்பம் ஒன்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கோட்டுப் போட்டிருப்பவர் உங்கள் அண்ணனா என்று விசாரித்தது. அதுவும் நான்தான் என்றான். அவர்கள் அதன்பிறகு அவனிடம் தண்ணீர் கேட்கவில்லை. தாங்களே எழுந்து போய் மொண்டுகொண்டார்கள்.

இசக்கிதுரை கல்லூரிக்குப் போய் விவரத்தைச் சொல்லாமல் இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. இனிமேல் உண்மைதான் ஃப்ளெக்ஸுக்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த வருடம் ஆனி மாதம் அவனுக்கு ஒரு நல்லது நடந்தது. தென்காசியில் ஒரு கண் மருத்துவமனை, நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தது. அங்கே யாரும் சான்றிதழைக் கேட்கவில்லை. ஒரு கணினியின் முன்னால் உட்கார வைத்து, ஏழாயிரம் பேர் தாறுமாறாகக் கிடந்த பட்டியலைக் கொடுத்து, ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருப்பதைக் கண்டுபிடித்து ஒழுங்கு செய்யச் சொன்னார்கள். கல்லூரியில் பெலிக்ஸ் சார் சொல்லிக் கொடுத்த முறையில் இருபது நிமிடத்தில் செய்து முடித்தான். அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பட்டம் உண்மையானது என்று கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வேண்டும், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்கள்.

கடிதத்துக்காக அவன் பதினொரு முறை கல்லூரி அலுவலகத்துக்கு நடந்தான். அலுவலகக் கண்காணிப்பாளர் முத்துச்செல்வி ஒவ்வொரு முறையும் மேசையைப் பார்த்தபடி, "சர்வர் டவுன் தம்பி" என்றார். கடிதத்தில் இருக்க வேண்டியவை அவன் பெயர், பதிவு எண், தேறிய வருடம். மூன்றும் அவர் பின்னாலிருந்த அலமாரியில், சிவப்பு அட்டை போட்ட பதிவேட்டில் இருந்தன. ஆனால் கணினி சொல்லித்தரும் கல்லூரியில் கையால் எழுதிக் கொடுப்பது கேவலம் என்று தாளாளர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் கடிதம் சர்வரில் இருந்துதான் வர வேண்டும். கல்லூரியில் சர்வர் கிடையாது.

திங்கட்கிழமை காலை தாளாளரே போனில் வந்தார். நாளை மதியம் வா, பேனல் வருகிறது, கோட்டுப் போட்டுக்கொள், கடிதம் கையெழுத்தாகித் தயாராக இருக்கும் என்றார்.

பேனல் என்று அவர் சொன்னது கணினிப் பட்ட மதிப்பறி மன்றத்தின் குழுவை. தனியார் கல்லூரிகள் கொடுக்கும் கணினிப் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து சொல்வது மன்றத்தின் வேலை. தென்காசிப் பக்கத்துக் கல்லூரிகளின் மதிப்பை அது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் அளக்கும். அருவியில் தண்ணீர் விழாத மாதங்களில் இங்கே பட்டங்களுக்கு மதிப்பு உண்டா என்பதை இதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் இசக்கிதுரை இலஞ்சிக் குமாரர் கோவிலுக்குப் போனான். தன்னைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்றும், கடிதத்தை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் முருகனிடம் கேட்டான். இவை இரண்டு வேண்டுதல்கள் என்பது வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது.

ஹோட்டல் முதலாளி சேக் மைதீன் சீசன் நேரத்தில் யாருக்கும் லீவு தருவதில்லை. அன்றைக்குக் கொடுத்தார். துபாயில் இருக்கும் தன் மகன் ஹுஸைஃபாவின் கோட்டையும் ஷூவையும் எடுத்துவந்தார். ஷூ ஒரு அளவு பெரிது. தினத்தாளைக் கிழித்து உருட்டி முன்னால் திணித்தவரும் அவர்தான்.

"லெட்டரோட வாலே" என்றார். "லெட்டர் இல்லேன்னாலும் வா. சாயங்காலம் ரெண்டு வேன் ஆளு வருதாவ."

கல்லூரியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலிலிருந்து படி வரை பூந்தொட்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் செங்கோட்டைச் சாலை நர்சரியின் பெயர் இருந்தது. ஆய்வகத்தில் புதிதாக நாற்பது கணினிகள் இருந்தன. ஊரிலுள்ள பிரௌசிங் சென்டர்கள் எல்லாம் அன்றைக்கு ஏன் பூட்டிக் கிடந்தன என்பது அவனுக்குப் புரிந்தது. வழக்கமாக அந்த ஆய்வகத்தில் ஓடுபவை ஆறு. அவற்றை ஓட வைத்துக்கொண்டிருந்தவர் பெலிக்ஸ் சார்.

பெலிக்ஸ் சாரை வாகனம் நிறுத்தும் இடத்தில் பார்த்தான். பச்சைக் கோட்டு மேலே மாட்டி, கழுத்தில் விசிலுடன் நின்றார். அவருக்கு முனைவர் பட்டம் இல்லாததால் மூன்று நாட்களுக்கு வகுப்புப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் நடத்தும் ஐந்து பாடங்களையும் நடத்துவதாக நாகர்கோவிலிலிருந்து மூன்று முனைவர்கள் வந்திருந்தார்கள். சும்மா வீட்டில் இருப்பதற்கு வண்டிகளையாவது ஒழுங்காக நிறுத்தலாம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. ஒன்பது வருடமாக அந்தக் கல்லூரியில் அவர் யாருக்கும் பாடத்தை ஒரு தடவையோடு நிறுத்தியதில்லை. புரியவில்லை என்று சொன்ன பையனுக்காக மதியச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி சொல்லுவார். இப்படிப்பட்டவர்களை யார் மேடையில் வைப்பது, யார் வெயிலில் வைப்பது என்ற ஏற்பாட்டைக் கடவுள் மனிதர்களிடம் விட்டுவைத்திருக்கிறார். அதில் அவர் நம்மைத்தான் மதிப்பிடுகிறார் என்று நான் நினைக்கிறேன்.

"கோட்டு நல்லாருக்குலே" என்றார் பெலிக்ஸ் சார். "வேல கெடச்சுட்டாமே? டெஸ்ட்ல என்ன செய்யச் சொன்னாவ?"

இசக்கிதுரை விவரம் சொன்னான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெயரை மட்டும் வைத்துப் பார்த்தாயா, பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தாயா என்று விசாரித்தார். சேர்த்துப் பார்த்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அதற்குள் ஒரு கார் வந்தது. விசில் ஊதப் போய்விட்டார்.

குழு இரண்டரை மணிக்கு வந்தது. காலையில் ஐந்தருவியில் குளித்திருந்ததால் தலைவரின் முடி இன்னும் ஈரமாக இருந்தது. அவருடன் இரண்டு உறுப்பினர்கள். மதிப்பெண் போடுவதற்கு அவர்களிடம் கெட்டி அட்டைப் படிவம் இருந்தது. வளாகப் பசுமைக்கு இருபது, கோப்புகளின் அட்டைக் கட்டுக்குப் பதினைந்து, வரவேற்புக்குப் பத்து என்று போய், கடைசியில் கற்பித்தலுக்கு இரண்டு மதிப்பெண் இருந்தது.

முதலில் சர்வர் அறையைப் பார்த்தார்கள். உள்ளே தூசி புகுந்துவிடும் என்று கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். உள்ளே ஒரு பெரிய இரும்பு அலமாரியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் செட் போடுகிறவர் முந்தின நாள் வந்து கட்டிக் கொடுத்திருந்தார். மேலிருந்து கீழே ஓடி, கீழே வந்ததும் ஒரு மயில் தோகை விரித்து மறைந்தது. தலைவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிராஃபிக் ரொம்ப அதிகம்" என்று உறுப்பினரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு மாடி அரங்கத்தில் தாளாளர் பேசினார். தன் உரை வளாகம் முழுவதும் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பியதால் கீழே வாகன நிறுத்தம் வரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தாளாளருக்குப் பெயர் வேல்ராஜ். பெயருக்கு முன்னால் கல்வித் தந்தை என்று போடுவார்கள். தன் பழைய தொழிலை அவர் மறந்தவர் அல்ல.

"நான் செங்கல் சூளை வைத்திருந்தவன்" என்று தொடங்கினார். "செங்கலை நன்றாக வேகவைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மழையில் கரைந்து பெயர் கெட்டுவிடும். கல்வியில் அந்தத் தொல்லை இல்லை என்பதை நான் மிகச் சீக்கிரம் கண்டுகொண்டேன். மற்ற கல்லூரிகள் மாணவனை ஒரு வேலைக்குத் தயார் செய்கின்றன. எங்கள் மாணவன் வெளியே போகும்போது எந்த வேலைக்கும் தயாராக இருக்கிறான்."

கைதட்டல் முடிந்ததும் இசக்கிதுரையை மேடைக்கு அழைத்தார்கள். கடிதம் தாளாளரின் முன்னால், கண்ணாடித் தம்ளருக்கு அடியில், கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தது. தன் பெயரைத் தலைகீழாகப் படிக்கும் தூரத்தில்தான் அவனை உட்கார வைத்தார்கள். கேட்பதற்கு உண்மையைச் சொல், கேட்காததைச் சொல்லாதே என்று தாளாளர் அவன் காதில் சொன்னார். இதில் பாவம் எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்கள்தான் சர்வரா?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா."

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டார். சீசனில் காலை ஆறு மணி முதல் இரவு பன்னிரண்டு வரை ஓட்டம்தான், உட்கார நேரம் கிடைக்காது என்றான். இடையில் நின்றதே இல்லையா என்றார். ஒரு தடவை காய்ச்சலில் நின்றது என்றான். சூடு அதிகமானால் நிற்கத்தான் செய்யும் என்று தலைவர் தலையாட்டினார்.

ஒரே சமயத்தில் எத்தனை பேருடைய கோரிக்கைகளை ஏற்க முடியும் என்பது அடுத்த கேள்வி.

"முப்பது பேருக்குப் பாப்பேங்கய்யா. எதையும் எழுதி வச்சுக்கிட மாட்டேன். எல்லாம் ஞாபகத்துலதான்."

"எல்லாமே நினைவகத்தில்" என்று தலைவர் மெல்லச் சொன்னார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேக்கப் உண்டா?"

"உண்டுங்கய்யா. கடை அடைச்சதும் மிச்சத்த எல்லாம் பேக்கப் பண்ணி, பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கவுகளுக்குக் குடுத்துருவோம். முதலாளி ஏற்பாடு. ஒருநாளும் தவறாது."

தினமும் பேக்கப், அதுவும் வெளியிடத்தில், பொதுமக்களுக்குத் திறந்த முறையில் என்று தலைவர் சொல்லச் சொல்ல உறுப்பினர் எழுதினார். இந்த அளவுக்குப் பெருநகரங்களில்கூடத் தான் பார்த்ததில்லை என்றார் தலைவர்.

அப்போதுதான் இசக்கிதுரைக்கு விளங்கியது. இவர்களிடம் தாளாளர் விவரம் சொல்லியிருப்பார் என்றே அதுவரை நினைத்திருந்தான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவர்கள் எழுதியது ஒவ்வொன்றும் பொய். இரண்டுக்கும் நடுவில் தானும் ஒரு கோட்டுமாக உட்கார்ந்திருப்பதை உணர்ந்தான். தம்ளரின் அடியில் கடிதம் ஈரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது கைக்கு வந்துவிடும். மூடிக்கொள்வது என்று முடிவும் செய்துவிட்டான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நல்லவர்கள் முதலில் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள்.

தலைவர் கேட்ட அடுத்த கேள்விதான் அதைக் கெடுத்தது. இப்படி ஒரு மாணவனை உருவாக்கிய ஆசிரியர் யார் என்று கேட்டுவிட்டார்.

நாகர்கோவில் முனைவர்களில் மூத்தவர் எழுந்தார். இவனை வகுப்பில் முதல் நாள் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லி, வந்து இசக்கிதுரையின் தோளில் கைவைத்தார். கை கனமாக இருந்தது.

"இல்லங்கய்யா" என்றான் இசக்கிதுரை. மைக் முன்னால் இருந்ததால் அது கீழே வரைக்கும் கேட்டது. "இந்தச் சார இன்னைக்குத்தான் பாக்கேன். எனக்குச் சொல்லிக் குடுத்தது பெலிக்ஸ் சார். கீழ விசிலோட நிக்காவ. நானும் நீங்க எழுதுத சர்வர் இல்ல. மைதீன் ஹோட்டல்ல பரோட்டா வைக்கிற சர்வர்."

மேடையில் இருந்தவர்கள் தாளாளரைப் பார்த்தார்கள். அவர் புன்னகை மாறாமல் எழுந்தார்.

"பார்த்தீர்களா? எவ்வளவு பெரிய இடத்தில் இருந்தாலும் தன்னைப் பரிமாறுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறான். இந்தப் பணிவையும் நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்."

படிவத்தில் விழுமியக் கல்வி என்று ஒரு கட்டம் அதுவரை காலியாக இருந்தது. தலைவர் நிம்மதியாக அதில் ஐந்துக்கு ஐந்து போட்டார்.

தான் சொன்ன உண்மைக்கும் அவர்களுக்கே மதிப்பெண் கிடைத்ததைப் பார்த்ததும் இசக்கிதுரைக்குக் கோபம் வந்தது. ஹோட்டலில் எச்சில் தட்டை முகத்தில் எறிந்தவனிடம்கூட வராத கோபம். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டான். அது அடுத்தவர் கோட்டு அல்லவா.

"பணிவு இல்லங்கய்யா இது. அந்த வேலைல எனக்கு வெக்கமும் இல்ல. பசிச்சு வந்தவுகளுக்குச் சோறு வைக்கேன், அதுல என்ன கேவலம்? ஆனா நீங்க இன்னைக்குப் போடுத மார்க்கப் பேப்பர்ல பாத்துட்டு, வாசுதேவநல்லூர்ல எங்க தெரு வள்ளித்தாய் தன் மகள இங்கன கொண்டாந்து சேப்பா. அவ மகளுக்கு இந்தப் பூந்தொட்டியா பாடம் எடுக்கும்? பெலிக்ஸ் சார் கிளாசுல இருப்பாவளா, கேட்டுல இருப்பாவளா? அத எழுதுங்க."

தலைவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உண்மையிலேயே தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தம்பி, அதற்கு இதில் கட்டம் இல்லை" என்றார். "நாங்கள் பட்டத்தின் மதிப்பை அளக்க வந்திருக்கிறோம். பட்டதாரியை அளக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. தவிர, மற்றதெல்லாம் மையில் எழுதியாகிவிட்டது."

தாளாளர் தம்ளரைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தேநீர் அறிவிக்கப்பட்டது.

இசக்கிதுரை கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது மணி நான்கு. ஷூவுக்குள் தினத்தாள் நகர்ந்து நகர்ந்து குதிகால் கழன்றது. அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தான். அலுவலக ஜன்னலிலிருந்து முத்துச்செல்வி கையசைத்துக் கூப்பிட்டார்.

அவர் மேசையில் சிவப்பு அட்டைப் பதிவேடு திறந்திருந்தது. பக்கத்தில் கல்லூரியின் பெயர் அச்சிட்ட சான்றுத் தாள்களும், நடுவில் கார்பனும், பேனாவும் இருந்தன. எதுவும் கேட்காமல் எழுத ஆரம்பித்திருந்தார். கையெழுத்துக் குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல இருந்தது. முதல்வர் பாதி நாள் இருப்பதில்லை என்பதால், முதல்வருக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தை ஆறு வருடம் முன்பே அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொடுத்தவர்களுக்கே அது மறந்துபோயிருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பிரச்சன ஆயிரும்" என்றான் இசக்கிதுரை.

"ஒரு நாளைக்கு இருபது பேர்ட்ட சர்வர் டவுன்னு சொல்லுதேன் தம்பி. ஒருத்தர் முகத்தையும் பாத்துச் சொன்னதில்ல. இன்னைக்கு ஸ்பீக்கர்ல உன் சத்தத்தக் கேட்டேன். பதிவு நம்பரச் சொல்லு, சரியான்னு பாப்போம்."

எண் சரியாக இருந்தது. துறை ஆசிரியரின் சாட்சிக் கையெழுத்து ஒன்றும் வேண்டியிருந்தது. பெலிக்ஸ் சார் ஏற்கெனவே கதவருகில் வந்து நின்றிருந்தார். ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதிலிருந்து அவர் ஒரு வண்டியையும் ஒழுங்குபடுத்தவில்லை. வெளியே கார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன. பேனாவை வாங்கிக்கொண்டு, பதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். குழுவிடம் இருக்கும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

"நீங்க என்னவோ அத எழுதுங்க சார்" என்றார் முத்துச்செல்வி.

பெலிக்ஸ் சார் 'ஆசிரியர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. 'நடத்தை' என்று அச்சிட்டிருந்த அந்த வரியில் வழக்கமாகத் 'திருப்தி' என்று எழுதுவார்கள். எல்லோருக்கும் அதே திருப்திதான். முத்துச்செல்வி பேனாவை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்திருந்துவிட்டு, 'இவர் உண்மை பேசுபவர். இன்று மாலை மூன்றே முக்கால் மணிக்கு நாங்கள் கேட்டோம்' என்று எழுதினார். அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டார். எண் போட்ட கடிதத்தை இல்லை என்று சொல்ல எந்தத் தாளாளராலும் முடியாது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கடைசியாக, தாளின் கீழ் மூலையில் 'நகல்' என்று போட்டுக் கோடிழுத்தார். அதன் கீழே 'ஒன்று, தாளாளர். இரண்டு, மதிப்பறி மன்றக் குழுத் தலைவர், தகவலுக்காக' என்று எழுதினார்.

இசக்கிதுரை அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

"இத யாரு கொண்டு போய்க் குடுக்கது?" என்றான்.

"நாந்தான். என் செக்சன்லதானே நகல் அனுப்புதோம்." அவர் கார்பன் நகல்களை உருவிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ கெளம்பு தம்பி. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசப் பூட்டிருவாவ."

"நானும் மேல வாரேன்" என்று சொல்லி, பெலிக்ஸ் சார் பச்சைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருவிமலைக் கல்லூரியின் கணினிப் பட்டத்துக்கு மன்றம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பளித்தது. கண் மருத்துவமனை அலுவலர் நான்கு ஐம்பதுக்கு அந்தக் கடிதத்தை வாங்கி, நடத்தை வரியை இரண்டு முறை படித்து, மூன்றாவது முறை பக்கத்து மேசைக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். எது எதற்கு மதிப்பு என்பதை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். உங்களிடம் படிவம் இல்லாதது நல்லது.

இசக்கிதுரை ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடினான். தேநீர் முடிந்து மாடியில் நன்றியுரை தொடங்கியிருந்தது. தாளாளரின் குரல் ஒலிபெருக்கி வழியாகச் சாலை வரைக்கும் வந்தது. எங்கள் கல்லூரியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரே குரலில் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கதவு திறக்கும் ஓசை கேட்டது. குரல் பாதிச் சொல்லில் நின்றது.